சுப்புத்தாய் சித்தியின் வலது கை

அடுத்தவர் போட்ட முடிச்சை சுப்புத்தாய் சித்தி அப்படியே விட்டதில்லை. பூக்காரி கட்டிக் கொடுத்த சரத்தின் நுனி, புரோட்டாக் கடையில் சால்னா பொட்டலத்தில் சுற்றிய நூல், என் பள்ளிக்கூடச் சடை ரிப்பன், கோயிலில் மணிக்கட்டில் கட்டிவிட்ட கயிறு, எதுவானாலும் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுப்பாள். அப்புறம்தான் அவளுக்கு நிம்மதி. நான் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நின்றபோதும் கழுத்துக் கயிற்றைப் பிடித்து அப்படித்தான் இழுத்தாள். போட்டோவில் நான் கண்ணை முழித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெருமிதம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். உண்மையில் எனக்கு மூச்சு முட்டியது.

சித்தி என் அம்மாவின் தங்கை. எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாக வெடிக்கு நூல் சுற்றுகிறாள். மருந்து அடைத்த சின்ன அட்டைப் பெட்டி ஒன்றை இடது கையில் பிடித்து, வலது கையால் சணல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் சுற்ற வேண்டும். இறுக்கம் குறைந்தால் திரி எரிந்து முடிந்ததும் சத்தம் வராது, புஸ்ஸென்று போய்விடும். போர்மேன் முனியராஜ் ஒவ்வொருவர் சுற்றிய வெடியையும் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சித்தியின் தட்டை மட்டும் பார்க்காமல் கடந்துபோவார். சித்தி தன்னைப்பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வைத்திருந்தது அந்த ஒன்றுதான். "முனியராஜு எந்தட்டுல கைய வைக்க மாட்டாரு" என்பாள். கல்யாண வீட்டில்கூடச் சொல்லுவாள்.

அந்தக் கை விழுந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. ஆகஸ்ட் மாதம், சீசன் உச்சத்தில், பதினொரு மணி வாக்கில் நூல் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் நழுவியது. பக்கத்தில் இருந்தவள், "என்ன மதினி, தூக்கமா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல வாய் கோணியது. கம்பெனி வேனிலேயே கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் இருந்தது அவளுக்குத் தெரியும். மாத்திரை வாங்குவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. கால் ஒரு மாதத்தில். வலது கைதான் திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக்கொண்டன. எதையாவது திணித்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடத் தெரியாது. டம்ளரைக் கொடுத்தால் திரும்ப வாங்குவதற்கு ஒவ்வொரு விரலாக நான் பிரிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது. அம்மா தீப்பெட்டிக் கம்பெனி. சித்தப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். சித்தியின் மகள் பாண்டிலட்சுமி மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். சூலக்கரை கலெக்டர் ஆபீசில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் நாலு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியால் அந்த வருடம் நடந்த ஒரே காரியம், சித்தியைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது.

அங்கேதான் ஜெயசீலி சிஸ்டரைப் பார்த்தோம். பிரசவ வார்டு நர்ஸ். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உல்லன் நூலில் குழந்தைகளுக்குக் குல்லா பின்னுவார். விருதுநகர் வெயிலில் உல்லன் நூலைப் பார்த்தாலே எனக்கு வேர்த்தது. ஆனால் பிறந்த குழந்தைக்குச் சித்திரையிலும் தலை குளிருமாம். சிஸ்டரின் குல்லாவைப் போட்டுக்கொண்டு அந்த வார்டிலிருந்து எத்தனையோ குழந்தைகள் வீட்டுக்குப் போயிருக்கின்றன.

பிசியோதெரபிப் பெண் கொடுத்த ரப்பர் பந்தைச் சித்தி அமுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, சிஸ்டர் ஒரு நாள் கேட்டார்.

"பந்தை அமுக்குறீங்க சரி. விடுறதுக்கு என்ன பண்றீங்க?"

"விடணும்னுதான் நெனைக்கேன் சிஸ்டர். கை கேக்க மாட்டேங்குது."

"என்ன வேலை பார்த்தீங்க?"

"வெடிக்கு நூல் சுத்துறது."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "இருபது வருசமா இறுக்கு இறுக்குன்னு சொல்லிக் குடுத்துட்டு இப்ப விடுன்னு சொன்னா, அது பாவம் என்ன பண்ணும்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு ஜோடி பின்னல் ஊசியை எடுத்துக் கொடுத்தார். பின்னுவதற்கு விரல் மடங்கவும் வேண்டும், நீளவும் வேண்டும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆறு செவ்வாய்க்கிழமை பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்.

சித்திக்குப் பின்னல் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்து அவள் எதையும் பிடித்ததற்காகச் செய்ததில்லை. தீபாவளி முடிந்து மூடிய கம்பெனி மறுபடி முழு வேகத்தில் ஓட பங்குனி ஆகும். அதற்குள் கை வரவேண்டும். வந்தால் பழைய இடம். வராவிட்டால் பாண்டிலட்சுமி படிப்பை நிறுத்த வேண்டியிருக்கும். இதை யாரும் வாயால் சொல்லவில்லை. காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் சித்தி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு வரிசை முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

முதல் குல்லா மூன்று வாரத்தில் முடிந்தது. மஞ்சள் நிறம். உள்ளங்கையில் வைத்தால் கல் மாதிரி கனத்தது. ஒவ்வொரு கண்ணியையும் போட்டவுடன் அவள் கை தானாக ஒரு இழு இழுத்துவிடும். சிஸ்டர் அதை வாங்கி, முந்தின நாள் பிறந்த ஒரு பெண்குழந்தையின் தலையில் மாட்டப் பார்த்தார். உச்சந்தலைக்கு மேல் இறங்கவில்லை. விளிம்பு இம்மிகூட நெகிழவில்லை.

குழந்தையின் ஆச்சி கட்டிலில் இருந்தபடி கேட்டார். "யாரு பின்னுனது? திரி வைக்க மட்டும் எடம் விட்டிருக்கு."

வார்டே சிரித்தது. சித்தியும் சிரித்தாள். கோணல் இன்னும் முழுதாகச் சரியாகாத வாயால் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இறுக்காம எப்படி நிக்கும் சிஸ்டர்? அவுந்துராதா?" என்று கேட்டாள்.

"அவுராது. ஒரு கண்ணியை இன்னொரு கண்ணி பிடிச்சுக்கும். நீங்க பிடிக்க வேண்டியதில்லை. ஊசி உள்ள போகும்போது பூனை வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வரணும். நீங்க கதவை உடைச்சுக்கிட்டு வர்றீங்க."

இரண்டாவது குல்லா ஒரு தேங்காய்க்குச் சரியாக இருந்தது. மூன்றாவதும் குழந்தைக்குச் சேரவில்லை. கை இன்னும் விரியவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் நேசகுமார் சார் போன் பண்ணினார். எனக்குக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்களைக் காரங்காட்டுக்கு, கடலோரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறார், நீயும் வா என்றார். அடுத்து ஒரு பறவைக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கு உதவியாளர் எடுக்கப்போகிறார்கள், நேரில் பறவை பார்த்த அனுபவம் இருந்தால் சிபாரிசுக் கடிதம் எழுத வசதியாக இருக்கும் என்றும் சொன்னார்.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "தொணைக்கு ஆள் இருந்தா போ."

"அம்மா, சார் வர்றாரு. ஏழு பிள்ளைக வருதுக."

"சார் நல்லவருதான். ஊரு நல்ல ஊரா?"

எங்கள் தெருவில் நடமாடக்கூடிய பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்தார்கள். சனிக்கிழமை லீவு போட்டு என்னோடு கொக்கு பார்க்க வர யாராலும் முடியாது. மீதி இருந்தது சித்தி ஒருத்தி. அவளுக்குக் காற்று மாறினால் நல்லது, கடலைப் பார்த்தால் மனசுக்கு நல்லது என்றெல்லாம் நான் அன்றைக்கு அடுக்கினேன். நினைத்துப் பார்த்தால் எல்லாம் எனக்காகத்தான். எனக்கு அந்தக் கடிதம் வேண்டியிருந்தது.

"எனக்கே ஒரு ஆள் தொணை வேணும். நான் ஒனக்குத் தொணையா?" என்றாள் சித்தி. பிறகு, "பறவையப் பாக்க எதுக்குப் படகு? அதுகளுக்குக் காலு நனையாதா?" என்றாள். ஆனாலும் ஜெயசீலி சிஸ்டரிடம் கேட்டுவிட்டு, மாத்திரையையும் நாலாவது குல்லாவின் நூலையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். வழி நெடுகப் பின்னினாள். ராமநாதபுரம் தாண்டியதும் தூங்கிவிட்டாள். ஊசி கையிலேயே இருந்தது. மடங்கிய கை அதை விடவில்லை.

படகில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். மாணவர்கள் மாட்டிக்கொண்டதும் சித்தி வரிசையாகப் போய் இடது கையால் ஒவ்வொருவர் வாரையும் பிடித்து இழுத்தாள். சார் வாரையும் இழுத்தாள். "அம்மா, நான் கரைக்கு வந்ததும் மூச்சு விட்டுக்கிறேன்" என்றார் சார்.

படகு வாய்க்காலுக்குள் போனது. இரண்டு பக்கமும் வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்ற மரங்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் நீர்க்காகம் இறக்கையை அகல விரித்தபடி அசையாமல் நின்றது. நனைந்த இறக்கையைக் காயவைக்கிறது என்று சார் சொன்னார்.

"சேலை காயப்போட்டாப்புல நிக்குது. எம்புட்டு நேரம் நிக்கும் சார்?"

"காயுற வரைக்கும் நிக்கும்மா."

"கை வலிக்காதா?"

சாருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். மூன்று வருடம் படித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

வாய்க்கால் முடிந்து படகு கடலுக்கு வந்தது. ஆழமில்லாத, சேறு கலங்கிய கடல். ஆலாப் பறவைகள் மேலே பறந்து வந்து ஊசி மாதிரி செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தன. சார் தன் தொலைநோக்கியை ஒவ்வொருவருக்காகக் கொடுத்து வந்தார். ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் அவருடைய வழிகாட்டி கொடுத்தது. உறை தேய்ந்து நூல் தெரிந்தது. சித்தியிடம் வந்தபோது, வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். மிதவைச் சட்டையின் கழுத்துப் பக்கம் இடித்தது.

"வேண்டாம் சார். எங்கை பிடிச்சா விடாது" என்றாள் சித்தி. வலது கைக்குள் அதை வைத்துக்கொண்டு, இடது கையால் தாங்கி, கண்ணில் வைத்தாள்.

தூரத்தில் நீரோடு ஒரு வெளிறிய ரோஸ் நிறக் கோடு. சார் தணிந்த குரலில், "பூநாரை" என்றார். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். நான் கைபேசியில் தேதியும் நேரமும் எண்ணிக்கையும் குறித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன். சாருக்குக் காட்ட வேண்டும்.

"ஏ புள்ள, காலப் பாரு. எம்புட்டு நீளம். ஒன்னும் அவசரமே இல்லாம நடக்குதுக. இந்தா, நீ பாரு."

சித்தி வலது கையை என் பக்கம் நீட்டினாள். நான் நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் விரல்களைப் பிரித்தாள். ஐந்து விரலும் விரிந்தன. தொலைநோக்கி படகின் விளிம்பில் பட்டு, தண்ணீரில் விழுந்தது.

நான் நிமிர்ந்தபோது சித்தியின் கை அப்படியே நீண்டு இருந்தது, பூ விழுவதற்கு விரித்த மாதிரி. அவள் கையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். திரும்பக் கையைப் பார்த்தாள்.

"விரிஞ்சிருச்சு" என்றாள் மெதுவாக. பிறகு முகம் மாறி, "சார், பொருளு போயிருச்சு" என்றாள்.

படகுக்காரர் கழியை விட்டுத் துழாவினார். பிறகு அவரே இறங்கினார். தண்ணீர் மார்பு வரைதான். அடியில் சேறு தொடை வரை இழுத்தது. அரை மணி நேரம் தேடினார்கள். அதற்குள் நீரோட்டம் படகை நகர்த்தியிருந்தது. பூநாரைகள் எழுந்து போய்விட்டன. சார் இரண்டு முறை "போதும்ணே, ஏறுங்க" என்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு கை விரிந்ததை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. கடிதம் போச்சு என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

கரையில் காரங்காட்டுப் பெண்கள் நண்டுக் குழம்பும் சோறும் வைத்திருந்தார்கள். சித்தி இலையில் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்கம்மா. பழசு. அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு" என்றார் சார்.

"பெறத்தியா பொருளு தண்ணிக்குள்ள கெடக்கு. நான் எப்படி சார் சோறு திங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காட்டி? கேட்டாலாவது குடுத்துட்டுப் போயிருவேன்."

சார் மஞ்சள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஊசியைப் பார்த்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. மார்கழியில விடிய முன்ன கண்மாய்க் கரையில நின்னா எனக்குக் காது குளுருது. தலையிலயும் ஒண்ணுமில்ல, பாத்தீங்கல்ல. எனக்கு ஒரு குல்லா பின்னிக் குடுங்க. பச்சை நூலு. பறவை மிரளாது. கணக்குத் தீந்துது."

அவர் அவளைச் சாப்பிடவைப்பதற்காகத்தான் சொன்னார். சித்தி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து வந்து, பையிலிருந்த நூலை எடுத்து, குனியச் சொல்லி, ஏழு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் தலையைச் சுற்றி அளந்தாள். அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். "அடுத்த மார்கழிக்கு முன்ன வந்துரும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தாள். வலது கையால் சாப்பிட்டாள். பாதி சிந்தியது.

அந்த நாலாவது குல்லா குழந்தைக்குச் சேர்ந்தது. ஜெயசீலி சிஸ்டர் விளிம்பை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்து, "பூனை உள்ள வந்துருச்சு" என்றார். ஐந்தாவது, ஆறாவது, எல்லாம் சேர்ந்தன. சித்தியின் விரல்கள் காலையில் எழுந்ததும் தாமாக விரிந்தன. டம்ளரைக் கொடுத்தால் வாங்கவும் செய்தாள், வைக்கவும் செய்தாள். மாசி பிறந்ததும் சிவகாசியில் இலைப்பச்சை நூல் வாங்கிவரச் சொல்லி, சார் குல்லாவுக்குக் கண்ணி போட்டாள். நாலு விரற்கடை உயரம் வந்தது. அவள் பின்னியதிலேயே நல்ல பின்னல் அதுதான். இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கியது.

அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. முனியராஜ் வரச்சொல்கிறார்.

நானும் கேட் வரை போனேன். முனியராஜ் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தார். "இருக்கீகளா அக்கா, நல்லாருக்கீகளா" என்று விசாரித்தார். மணல் அடைத்த ஐந்து அட்டைப் பெட்டியையும் ஒரு சணல் உருண்டையையும் கொண்டுவந்திருந்தார். பழகிப் பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிற பெட்டி.

சித்தி உட்கார்ந்து சுற்றினாள். வேகம் பழைய வேகத்தில் பாதி இருந்தது. கை நடுங்கவில்லை. ஐந்தையும் முடித்து வரிசையாக வைத்தாள். முனியராஜ் ஒன்றை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

நூல் நகர்ந்தது.

"அக்கா" என்றார் அவர். இரண்டாவதை எடுத்தார். அதுவும் நகர்ந்தது.

"முனியராஜு, இன்னும் ஒரு மாசம் குடு."

"எங்கையில இருந்தா ஒரு வருசம் குடுப்பேன். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேலன்னா ஒங்க எடத்துல வேற ஆளப் போடச் சொல்லிருவாக."

"பேக்கிங்ல போட மாட்டியா?"

"அங்கன வயசுப் பிள்ளைகளே நிக்குதுக அக்கா."

வீட்டுக்கு வந்ததும் சித்தி பின்னலை எடுத்து, ஊசியிலிருந்து கண்ணி நழுவாமல் இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் மாட்டி, பையில் வைத்தாள். பழைய தீப்பெட்டிகளில் மணலை நிரப்பி, சணலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, ரெண்டையும் செய்யலாம்ல? காலையில இது, சாயங்காலம் அது."

"செஞ்சு பாத்துட்டேன், தாயி. பின்னுன கையோட சுத்துனா நூலு தொளதொளங்குது. சுத்துன கையோட பின்னுனா மறுபடி கல்லு மாதிரி வருது. ரெண்டும் ஒரு கையில நிக்காது."

"கை திரும்ப மடங்கிருச்சுன்னா?"

"மடங்கட்டும். மடங்குன கைக்கு வேலை இருக்கு."

செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போய் ஜெயசீலி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் பின்னிக்கொண்டே கேட்டார். ஒரு வரிசையை முடித்துவிட்டு, "மாத்திரையை மட்டும் விடாம பாத்துக்கோ" என்றார். அவருக்கும் சோர்வாக இருந்தது போல.

பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு சித்தி வேலையில் சேர்ந்தாள். முனியராஜ் முதல் வாரம் அவள் தட்டை அழுத்திப் பார்த்தார். இரண்டாவது வாரம் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னாள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது ஒரு விரலைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்துக் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கால் மணி நேரம் கழித்து இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சில சமயம் தானாக விரிகிறது. திங்கட்கிழமை காலையில் வேன் வந்துவிடும். மத்தியான இடைவேளையில் கம்பெனியிலேயே பின்னலாமே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். உல்லன் நூல் கேட்டுக்குள் போகக்கூடாது. உரசினால் பொறி வரும். சேலையில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தாலே உதறிவிட்டு வரச்சொல்லுவார்கள்.

பாண்டிலட்சுமி மூன்றாம் வருடத்துக்குப் போய்விட்டாள். நேசகுமார் சார் எனக்குக் கடிதம் கொடுத்தார். தண்ணீரில் விழுந்ததைப்பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்திரண்டு பூநாரைகளைப் பிழையில்லாமல் எண்ணியவள் என்று எழுதியிருந்தார். அந்தத் திட்டத்தில் மூன்று மாதம் வேலை கிடைத்தது. மூன்று மாதம் முடிந்து மறுபடியும் வீட்டில் இருக்கிறேன். அன்றைக்கு நான் கையை நீட்டியிருந்தால் தொலைநோக்கி விழுந்திருக்காது. அதனால் கடன் என்னுடையது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சித்தியிடம் சொல்லியும் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம் பஜாரில் பச்சை நிறத்தில் ஒரு குல்லா பார்த்து வாங்கிவந்தேன். இதைச் சாரிடம் கொடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவா போகிறது என்றேன்.

சித்தி அதை வாங்கி விளிம்பை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒங்கப்பாவுக்குக் குடு" என்றாள்.

"சித்தி, சார் அன்னைக்குச் சும்மா சொன்னாரு."

"அவரு சும்மா சொல்லிருப்பாரு. நான் சும்மா சொல்லல."

பச்சை நூலை எடுத்து நானே மீதியைப் பின்னுகிறேன் என்றதற்கும் அதே பதில். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் முயன்று பார்த்தாள். ஒரு வரிசை போட்டாள். கீழே இருக்கும் நாலு விரற்கடையும் நெகிழ்வாக இருக்க, மேலே அந்த ஒரு வரிசை மட்டும் கயிறு போட்டுக் கட்டியது மாதிரி சுருக்கியது. அதைப் பிரித்தாள். பிரிப்பதற்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் சார் ஒரு படம் அனுப்பினார். ஏதோ கண்மாய்க் கரை, பனி, பின்னால் மங்கலாகச் சில கொக்குகள். யாரோ எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். தலையில் துண்டைச் சுற்றி, காதோடு சேர்த்து, தாடைக்கு அடியில் முடிந்திருந்தார். கழுத்தில் ஒன்றும் தொங்கவில்லை. கீழே, "சித்தியிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

சித்தி வெந்நீர்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைபேசியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் எம்புட்டு நாளைக்குக் குளிரும்னு கேளு" என்றாள்.

கேட்டு அனுப்பினேன். தை பாதி வரைக்கும் இருக்கும் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் ஆறிவிட்டது, கொஞ்சம் சுடவைத்துக் கொண்டுவா என்றாள்.

தையும் வரப்போகிறது. குல்லா நாலு விரற்கடையிலேயே நிற்கிறது.